தேயிலையில் கால் படாத பாதை

“…கூரை ஒழுகலை, சுவரு ஊறலை, அடுப்படி நம்ம காம்பிரா முழுசுக்கும் இருக்கு, எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா என்னாங்க, நாம இங்க வந்து சேந்தோமே, அந்தப் பாதை யாரோடது?” என்றாள் என் மனைவி.

நான் அந்த வீட்டு வாசற்படியில் நின்று, மழைக்குள் கையை நீட்டி, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டை விற்க வந்த அரிசிக்கடை முதலாளியும் குடையைப் பாதி மடக்கியபடி அவளைப் பார்த்தார்.

நான் டிக்கோயா கடைவீதியில், ஒரு துணிக்கடை முகப்பில் தையல் மிஷின் போட்டிருந்தேன். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அவள் பேர் பதிவில் இருந்ததால்தான் எங்களுக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிரா. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. பக்கத்துக் காம்பிராவில் தும்மினால் இங்கே ஆயுசு நூறு என்போம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருசம் ஆகியிருந்தது. நீங்கள் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்று ஆளாளுக்கு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில்தான் எங்களுக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது. லயத்தில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? அவள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், “பங்களாக்காரம்மா வர்றாங்க, வழிய விடுங்கடி” என்பார்கள். அவளும் விடாமல், “நல்லா வெலகி நில்லுங்கடி, சேலையில தண்ணி தெறிச்சிறப் போவுது” என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைப்பாள்.

கேலி ஒரு பக்கம். பயம் ஒரு பக்கம். வீட்டை வாங்கித் தோட்டத்துக்கு வெளியே குடிபோனால் அவள் பேரைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். காம்பிராவுக்கு மறுநாளே வேறு குடும்பம் வந்துவிடும். வாங்கிய வீடு சரியில்லை என்று திரும்பி வந்தால் பாய் விரிக்க இடம் இருக்காது. இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் காரியத்தில் இறங்கினேன். கட்டின வீட்டுக்கு வக்கணை சொல்ல நூறு பேர் என்பார்கள் இல்லையா, அந்த நூறு பேரையும் நானே தேடிப் போனேன். ரொட்டிக்கடையில் ஒருவர், மாசியில் பார்த்த வீட்டை ஆடியில் மறுபடி பார் என்றார். கொத்தனார் ஒருவர், மரத்தைக் கண்ணால் பார்க்காதே, விரலால் தட்டிப் பார், கரையான் பிடித்த மரம் பொய் பேசாது என்றார். இன்னொருவர், விற்கிறவனை விட்டுவிட்டு அவன் அண்ணன் தம்பிகளைப் பார், பங்காளி வாய் திறக்காத வரைக்கும்தான் பத்திரம் என்றார். ஒன்றையும் விடவில்லை. மாசியில் பார்த்தோம். நிலைக்கதவிலிருந்து உத்தரம் வரைக்கும் தட்டினோம். முதலாளியின் தம்பிகளைக் கடையிலேயே வைத்துக் கேட்டோம்; அவர்கள் எங்களுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லித் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். எல்லைக்கல், பின்னால் இருந்த ஊற்று, எல்லாம் சரி. மிச்சம் இருந்தது ஆடி மழை ஒன்றுதான். அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் அன்றைக்குக் கம்பளியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். கூரை ஒரு சொட்டு விடவில்லை. எனக்கு உள்ளுக்குள்ளே மத்தளம் அடித்தது.

அந்த நேரத்தில்தான் இவள் பாதையைக் கேட்டாள்.

வரும்போது நடந்த ஒன்று அவள் மனதில் கிடந்திருக்கிறது. லயத்திலிருந்து தேயிலை மலை வழியாகத்தான் வந்தோம். வளைவில் தோட்டத்துக் காவல்காரர், விறகுக்கட்டோடு வந்த ஒரு சிங்களக் கிராமத்து மனிதரை மறித்து, தோட்டத்துப் பாதையில் உனக்கென்ன வேலை என்று வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, போங்க என்று கையைக் காட்டினார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“நாளைக்கு எம்பேரை வெட்டிப்புட்டா நானும் அந்த வெறகுக்கட்டுக்காரரும் ஒண்ணுதானுங்க. வீட்டுக்குப் பூட்டு சாவி நம்ம கையில. வழிக்குச் சாவி தொரை கையிலயா?” என்றாள்.

யோசித்துப் பாருங்கள். நூறு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பாதை என்பது மழை மாதிரி, இருக்கும். பீலி, பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கும் இடம், எதையும் யாருடையது என்று நாங்கள் கேட்டதில்லை. நாங்களே தோட்டத்துக்குச் சொந்தம்தானே!

முதலாளி நல்ல மனிதர். மறைத்து விற்கவில்லை. தோட்டத்துக்கு அரிசி கொண்டுபோகும் வண்டியிலேயே இந்த வீட்டுக்கும் வந்து போனவர், அதனால் அவரை யாரும் மறித்ததில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, “இத நான் நெனச்சே பாக்கல்லயே தங்கச்சி” என்றார்.

“பரவாயில்ல மொதலாளி, இப்ப நெனப்போம். இந்த நிமிசத்துலயிருந்து நாங்க தோட்டத்து ஆளுங்க இல்ல. ஒரு தேயிலைச் செடியும் படாம எங்கள தார் ரோட்டுல கொண்டுபோய் நிறுத்துங்க, பாப்போம்.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் இறங்கினோம். தலைக்கு மேல் மானாப்புல். முன்னால் முதலாளி குடையை வாள் மாதிரி வீசிக்கொண்டு போனார். அட்டை ஏறாத கால் இல்லை. கொஞ்ச தூரத்தில் புல் சுவராக நின்றுவிட்டது. சரி, முடிந்தது, இந்த வீட்டில் குடியிருக்கப் பறக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அப்போது என் கால் வழுக்கி எதிலோ இடித்தது. புல்லை விலக்கினால் கல். யாரோ பதித்த கல். அதற்குக் கீழே இன்னொன்று. படி!

“படிங்க” என்றாள் அவள், நான் ஏதோ பார்க்காதவன் மாதிரி. அதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

படி ஒரு ஓடையில் இறங்கியது. ஓடைக்கு மேல் ஒரு பலகைக் கல், பாசி பிடித்து, ஆனால் அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு வேலி, ஒரு வீடு, கோழியை விரட்டிக்கொண்டு ஒரு சிங்களப் பெண். என் சிங்களம் அளவெடுக்கவும் கூலி சொல்லவும்தான் காணும். முதலாளிதான் கேட்டார். அந்த அம்மா, மேலேயிருந்து மூன்று பேர் ரத்தக் காலோடு இறங்கி வந்ததைப் பார்த்து முதலில் நன்றாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: இது கிராமசபைப் பாதை, யாரும் போகலாம். அவள் கல்யாணமாகி வந்ததும் இதில்தான், அவள் மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனதும் இதில்தான். தோட்டத்துப் பாதை கிட்டம் என்று எல்லோரும் அங்கே போய்ப் பழகிவிட்டார்கள், புல் மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

என் மனைவிக்கு அது போதவில்லை. இந்த மண் உங்களுடையதா, நாளைக்கு உங்கள் மகன் மறித்தால் என்ன செய்வது என்று கேட்கச் சொன்னாள். முதலாளி கூச்சத்தோடு கேட்டார். அந்த அம்மா கோபப்படாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், தன் வேலி முடியும் இடத்தையும் எதிர்வேலி முடியும் இடத்தையும் தொட்டுக் காட்டினாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும். அங்கிருந்து கீழே தார் ரோட்டு தெரிந்தது. நாங்கள் நிற்கும்போதே ஹட்டன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இறங்கிப் போய் ரோட்டைக் காலால் மிதித்துவிட்டே திரும்பினோம். ஒரு தேயிலை இலைகூட எங்கள் மேல் படவில்லை.

அந்த அம்மாவின் வேலியருகே நின்று முதலாளி மூச்சு வாங்கினார். அவர் முகத்திலும் சந்தோசம். தன் வீட்டுக்கு இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். “என்னா தங்கச்சி, பத்திர எழுத்துக்குப் போவமா? இல்ல இன்னம் ஏதும் கேள்வி மிச்சம் கெடக்கா?” என்றார்.

நானும் அவள் வாயைத்தான் பார்த்தேன். அவள் வேலிக்கம்பில் செருகியிருந்த புல்வெட்டும் கத்தியைக் காட்டி, எடுக்கட்டுமா என்று அந்த அம்மாவிடம் சைகையில் கேட்டாள். கம்பளியைக் கழற்றி என் தோளில் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடையைத் தாண்டி, முதல் படியில் நின்று, மழையோடு மழையாக மேல்நோக்கி மானாப்புல்லை வெட்டத் தொடங்கினாள்.