மணியம்மாள் கோபுரம் பார்க்கப் போன நாள்

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் அடியில் பதினோரு வருடமாகச் செருப்புக்கு டோக்கன் கொடுத்து வருகிறவள் மணியம்மாள். கூரம் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். சாமி கும்பிடுவதுகூட வாசலில் நின்றபடிதான். கோபுரத்தை ஒட்டியே உட்கார்ந்திருந்ததால் அது அவள் கண்ணில் பட்டதில்லை. கண்ணில் பட்டதெல்லாம் வந்து போகிறவர்களின் கால்கள்தாம்.

போன தை மாதம், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவளிடம் போனைக் கொடுத்து, கோபுரம் முழுசாகத் தெரிகிற மாதிரி படம் எடுக்கச் சொன்னது. மணியம்மாள் பின்னால் நகர்ந்தாள். பாதிதான் வந்தது. பூக்கடைகளைத் தாண்டிச் சன்னதித் தெருவில் வெகுதூரம் போன பிறகே உச்சிக் கலசம் படத்துக்குள் வந்தது. எடுத்து முடித்தும் அவளுக்கு நகர மனம் வரவில்லை. அவர்கள் கைதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுக் கோபுரம் பார்க்கப் போகலாமென்று அன்று சாயங்காலம் கணவன் வேல்முருகனிடம் சொன்னாள்.

"தெனம் போற எடந்தானேமா, அங்க இன்னா பாக்கறது?" என்றான் அவன்.

"தெனம் வேலைக்குத்தான் போறேன். பாக்கறதுக்குப் போனதே இல்ல."

திங்கட்கிழமை அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவளும் பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பதிலாக அன்று உட்கார்ந்திருந்த கங்கையம்மாள், "உனக்கு எதுக்கு டோக்கன்? சும்மா உட்டுட்டுப் போ" என்றாள். மணியம்மாள் கேட்கவில்லை. டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தெருவில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நிலை நிலையாகக் கண் ஏறியது. மேல்நிலையின் திறப்பிலிருந்து கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தது.

"நம்ம கயனி நெல்லத் தின்னுட்டு இங்க வந்துதான் குடியிருக்குதுங்களா?" என்றான் வேல்முருகன். மணியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கைடு ஒருவர் வெளியூர்க்காரர்களுக்குக் கிருஷ்ணதேவராயர் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் துண்டு துண்டாக எத்தனையோ முறை அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் யாராவது செருப்பை நீட்டி நடுவில் நிறுத்திவிடுவார்கள். இன்று கூட்டத்தோடு நின்று கடைசிவரை கேட்டாள். பிறகு இருவரும் உள்ளே போய், கல்தூண் பிரகாரத்தை அவசரமில்லாமல் சுற்றி வந்தார்கள்.

வெளியே டீ குடிக்கும்போது, அதே ஊரிலிருக்கும் வரதர் கோயில் கோபுரம் இதைவிடப் பெரிதா என்று வேல்முருகன் கேட்டான். தெரியாதென்றாள்.

"இன்னும் பொழுது இருக்குதே. போய்ப் பாத்துடலாம் வா" என்று எழுந்தான் அவன்.