அரை இஞ்ச் மடிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விருதுநகரில் கல்லூரியில் சேரப் போனபோது நடந்தது இது. புள்ளியியல் படிக்க ஆசைப்பட்டேன். பதினைந்து நாள் கழித்து நுண்கணிதத்தில் ஒரு தேர்வு, தேறினால்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிளஸ் டூ கணக்கில் நான் நல்ல மார்க்தான். ஆனால் அந்தப் பாடத்தை மட்டும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்து ஒப்பேற்றியவள். எதற்காக வகையிடுகிறோம் என்று கேட்டால் திருதிருவென விழிப்பேன்.

அம்மா வீட்டில் பட்டாசுப் பெட்டி செய்பவர். சீசன் நேரம், அட்டை லோடு வந்து இறங்கியிருந்தது. கூடமாட மடித்துக்கொண்டே செல்போனில் பாடம் கேட்டேன். ஒரு வாரம் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் ஒரு கணக்கு வந்தது. சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் எவ்வளவு வெட்டி மடித்தால் பெட்டி அதிகம் கொள்ளும்? கையிலேயே அட்டை இருந்தது. வெட்டிப் பார்த்தேன். குறைத்து வெட்டினால் பெட்டி தட்டை, கூட்டி வெட்டினால் ஒடுக்கம். நடுவில், கொள்ளளவு ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் ஓர் இடம். அதைப் பிடிக்கத்தான் இத்தனை சூத்திரமும் என்று புரிந்ததும் அழுகையே வந்துவிட்டது.

"அட்டையப் பாத்து எதுக்குடி அழுகுற? மடிச்சுப் போடு, ஆர்டர் நிக்குது" என்றார் அம்மா.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு, பதினெட்டு அங்குல அட்டை. குஷியாக எழுதிக் கொடுத்தேன். அங்கேயே தாள்களைத் திருத்திய பேராசிரியை என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"மூணு அங்குலம்தான் விடை. உயரத்துல எதுக்கும்மா அரை அங்குலத்தக் கழிச்ச?"

"மேல் விளிம்ப உள்ள மடிக்கணும்ல மேடம். மடிக்காட்டி பெட்டி வாயப் பிளந்துரும்."

வகுப்பே சிரித்தது. எனக்கு இடம் போச்சு என்றே நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கொடுத்து, மடிப்பு இல்லாமல் போடச் சொன்னார். மூன்று வந்தது. பிறகு என் தாளை வரி வரியாகப் பார்த்துவிட்டு, "இதுவும் சரிதான். கேள்விதான் வேற" என்று சொல்லி, தேறியவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "பாவம், அந்த மேடத்துக்குப் பெட்டி மடிக்கத் தெரியாதாக்கும்" என்றார்.

இன்று புள்ளியியலில் பட்டம் வாங்கிவிட்டேன். ஆனாலும் அன்று அத்தனை பேர் முன்னால், எங்கள் வீட்டு வேலையைக் கணக்காக எழுதி, அதுவும் சரி என்று சொல்ல வைத்தேனே, அந்தப் பெருமைக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை.