அக்கா வாய் மூடிய ஒன்பது நாட்கள்

என் அக்காவை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக் அக்கா என்றால்தான் தெரியும். கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் நின்று அவள் "ஸ்தோத்திரம்" என்றால் மூன்றாவது மாடியில் ஊசி போட்டுக்கொள்கிறவர் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக அங்கே படுக்கை விரிப்பு மடிக்கிறாள். எதிரே நின்று மறுமுனையைப் பிடிக்கிறவள் நான். காயவைக்கும் மெஷினிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி இழுக்க வேண்டும், நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், பின்னால் போய் மறுபடியும் வர வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. என் வீட்டுக்காரர் முகத்தைவிட அக்கா முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு விரிப்புக்கும் அவளிடம் ஒரு ஜெபம் உண்டு. "ஆண்டவரே, இதுல படுக்கப் போறவங்களுக்கு வலியைக் குறைச்சு, நல்ல தூக்கத்தைத் தாரும்." சத்தமாகத்தான்.

"ஏன்க்கா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேட்குது?" என்பேன்.

"அவருக்குக் கேட்கும்டி. எனக்குக் கேட்க வேண்டாமா?"

இதிலெல்லாம் ஒரு வம்பும் இல்லை. வம்பு வந்தது புதன்கிழமை சாயங்காலங்களில். அன்றைக்கு அவள் வீட்டில் ஜெபக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அக்கா ஆண்டவருக்கு எதையும் மொட்டையாகச் சொல்ல மாட்டாள், முழு விவரத்தோடு சொல்வாள். "ஆண்டவரே, ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பி வீட்டுல நேத்து தட்டு பறந்துச்சே, உமக்குத் தெரியும்." அவருக்குத் தெரியும், சரி. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாதே! போதகரே ஒருமுறை, "சுருக்கமா ஜெபிக்கலாம்மா" என்று சொல்லிப் பார்த்தார். அவளுக்கு உறைக்கவே இல்லை. மனதில் கள்ளம் இல்லாதவள். கண்ணை மூடிவிட்டால் அந்த அறையில் அவளும் ஆண்டவரும் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள்.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார். அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா முதல்ல அவரைத்தான் கட்டில்ல போடணும்."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்?" என்றாள்.

சொன்னபடியே ஒரு மனுஷரிடமும் அவள் சொல்லவில்லை. மறுநாள் புதன்கிழமை. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். "ஆண்டவரே, என் தங்கச்சி இடது மார்புல பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி..." என்று ஆரம்பித்தாள் பாருங்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்தேன். எதிர் நாற்காலியில் என் மாமியாரும் கண்ணைத் திறந்திருந்தார். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, எந்த டாக்டர், எத்தனை நாள் என்பது வரை சொல்லி முடித்து ஆமென் போட்டாள்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த எரிச்சலையும் சேர்த்து மறுநாள் காலையில் அக்கா தலையில் கொட்டினேன்.

"உன் ஜெபத்தை நீயே வெச்சுக்கோ. இனிமே எனக்காக வாயைத் திறக்காதே!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சரிடி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்காக மட்டுமில்லை, யாருக்காகவும் அவள் வாயைத் திறக்கவில்லை. விரிப்பு வரும், இழுப்போம், மடிப்போம். முகத்துக்கு முகம் வரும்போது குனிந்துகொள்வாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "என்ன, மைக் ரிப்பேரா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதல் இரண்டு நாள் அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருந்த வரைக்கும் எனக்குத் தனியாகப் பயப்பட நேரமே இருந்ததில்லை. இப்போது மெஷின் சத்தத்தோடு என் கட்டியும் நானும் மட்டும். எனக்காக ஜெபம் பண்ணு என்று அவளிடம் வாய்விட்டுக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. எங்கள் குடும்ப ரோஷம் லேசுப்பட்டதா என்ன!

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். "நீயே பிரி. என்னால ஆகாது" என்று உறையை என்னிடம் நீட்டிவிட்டு, அழுக்குத் துணிக் கூடை மேலேயே உட்கார்ந்தார். என் கை நடுங்கிய நடுக்கத்தில் உறையின் ஓரத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"ஜெபம் பண்ணுக்கா" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. "வர மாட்டேங்குதுடி. உன்னைக் காட்டிக்கொடுத்த வாய் இது."

இத்தனை வருடத்தில் நான் நாலு பேர் கேட்க ஜெபம் பண்ணியதே கிடையாது. ஆமென் சொல்வது மட்டும்தான் என் வேலை. அன்றைக்கு வேறு வழி இல்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இதுல என்ன எழுதியிருந்தாலும் என்கூடவே இருங்க. இவரையும் பார்த்துக்கோங்க, பாவம், கூடையில உட்கார்ந்திருக்காரு. எங்க அக்காவுக்கு வாயைத் திருப்பிக் கொடுங்க. அவ மேல எனக்குக் கோபம் இல்ல. கொஞ்சம் இருக்கு. அதையும் எடுத்துடுங்க."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆமென் என்றேன். கூடையிலிருந்தும் ஒரு ஆமென் வந்தது. அக்கா என் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள்.

உறையைப் பிரித்தேன். வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அக்கா கூரை இடிகிற மாதிரி ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடியே உன் கை நடுக்கம் நின்னுபோச்சுடி. கவனிச்சியா?" என்றாள் மெதுவாக.

நான் கவனிக்கவில்லை. கையிலிருந்த உறையைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே, அதை ஒரே இழுப்பில் நேராகக் கிழித்திருந்தேன்.