வெயிலுக்குத் திரை இழுக்கிற வேலை

அருங்காட்சியகத்தில காவலுக்கு இருக்கிறவளுக்கு ஒழுங்கா வந்து போற ஒரே ஆள் வெயில்தான். துறைமுகத்தடியில இருக்கிற எங்கட சின்னக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர், கூரையில கண்ணாடி பதிச்சு, பகல் வெளிச்சமே போதும், மின்குமிழே வேண்டாமெண்டிட்டார். வெயில் நகர நகர திரையை இழுக்கிறது என்ர வேலை. வீட்டிலயும் தனிய, இங்கயும் தனிய. நாள் முழுக்க ஒரு கதிரையோட காலம் தள்ளுற ஆக்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மாரி

மழை மூடின ஒருநாள் கிண்ணியாவில இருந்து ஒரு கடைக்காரர் வந்தார். உள்ளுக்கு ஒரே மம்மல் இருட்டு. "லைட்டைப் போடுங்க" எண்டார். "லைட் இல்லை ஐயா, முகில் விலகினாத்தான் தெரியும்" எண்டனான். மனுசன் என்ர கதிரையில இருந்து காத்திருந்தார். கதைக்க ஆள் கிடைச்ச புழுகம் எனக்கு! முகில் விலகேல்லை. எழும்பிக் குடையை எடுத்தார்.

"சாமானை இருட்டுக்க வச்சா என்ட கடையில ஈயும் வராது தங்கச்சி, உங்கட ஆக்கள் எப்படி யாவாரம் பண்றாங்க?"

சம்பூர்ச் சேலை

சம்பூர் மரகதம் அக்கா தந்த நீலச் சேலை ஒண்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தது. சண்டைக்க இடம்பெயர்ந்த நேரம் அதை மரத்தில கட்டி, பிள்ளைகளோட அதுக்குக் கீழதான் இருந்தவவாம். மாதத்தில ஒருக்கா பஸ் ஏறி அதைப் பார்க்க வருவா. எனக்கும் புட்டு வரும், ஊர்க் கதையும் வரும். வெளிச்சம் பட்டா சாயம் போயிடும் எண்டு நான் திரையை இழுக்க, விழுந்து விழுந்து சிரிச்சா.

"எங்களுக்குக் கூரையா வெயிலுக்க கிடந்த சேலைக்கு, இப்ப வெயில் ஆகாதாமோ!"

வெறும் பெட்டி

போன மாதம் பொறுப்பதிகாரி, துணிக்கு ஓய்வு வேணுமெண்டு சேலையை இருட்டறைக்கு எடுத்திட்டார். சேலை இல்லாட்டி அக்கா ஏன் வாறா? அவவும் வராட்டி நான் ஆரோட கதைக்கிறது?

அக்கா வந்து வெறும் பெட்டியைப் பார்த்தபடி நிண்டா. விசயத்தைச் சொல்லி முடிக்க முதல் எனக்கு அழுகை வந்திட்டுது. அவ புட்டுப் பார்சலை என்ர மடியில வைச்சா.

"சேலை உள்ளுக்குப் படுக்கட்டும் பிள்ளை, நான் உன்னைப் பார்க்க வாறன்; வெளிச்சம் பட்டா நீ மங்கமாட்டாய்தானே?"

வெறும் பெட்டிக்கு முன்னால இருந்து புட்டுத் தின்ன சம்பூரில இருந்து ஆள் வாற அருங்காட்சியகம் வேற எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ பார்ப்பம்!