தாவீது ஐயா சொல்லாமல் நின்ற சாட்சி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது மளிகைக்கடை பாயிடமிருந்து போன் வந்தது. "டீ எடுத்துக்கினு போனேங்க. தாவீது ஐயா எழுந்திருக்கல" என்றார். கண் தெரியாத ஐயாவுக்குத் தினமும் காலையில் டீ கொடுத்துவந்தவர் அவர்தான். சபையாராகிய நாம் ஜெபக்குறிப்பில் ஐயாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

நம் சபை மூப்பராவதற்கு முன் ஐயா கல்வராயன் மலை ஊர்களில் உபதேசியாராக இருந்தார். அங்கே மாடு மேய்க்கும் கிழவர் ஒருவர், "வயசாயிட்டா ஒங்க சாமி பாத்துக்குமா?" என்று கேட்டாராம். "தலை நரைச்சப்புறமும் சொமந்துகினு போவாரு. வாக்கு குடுத்தவரு மாறமாட்டாரு" என்று ஐயா சொன்னாராம். ஞாயிறுதோறும் என் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்வார். முடித்ததும், "மொதல்ல நீ பள்ளம் பாத்து சொமந்துகினு போ, தம்பி" என்பார். எனக்கே தலை நரைத்துவிட்டது. அவருக்கு நான் தம்பிதான்.

சாட்சி நேரத்தில் முன்பெஞ்சைப் பிடித்தபடி எழுந்து, "கர்த்தர் என்னைக் கைவிடல" என்று ஒரே வரி சொல்லி உட்காருவார். அவர் வீட்டு அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் சொன்னார். அம்மா போன பிறகும் சொன்னார். அடக்கம் முடிந்த கையோடு பெங்களூருக்குத் திரும்பிய மகன், பிறகு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டான். அப்போதும் சொன்னார். கடைசியில் சர்க்கரை வியாதி கண்ணையும் எடுத்துக்கொண்டது.

போன அறுப்பின் பண்டிகை உங்களுக்கு நினைவிருக்கும். பீடத்தருகே கரும்பும் பூசணியும் குவிந்திருந்தன. ஐயா எழுந்து நின்றார், பேசவில்லை. பெஞ்சைப் பிடித்தபடியே நின்றார். கிழவர் வரியை மறந்துவிட்டார் என்று நமக்கு இரக்கம். பள்ளிப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல சபை முழுவதும் சேர்ந்து, "கர்த்தர் என்னைக் கைவிடல" என்று சொன்னோம். ஆமென் சொல்லிக் கையும் தட்டினோம். ஐயா மெல்ல உட்கார்ந்தார்.

வீட்டில் இறக்கிவிடும்போது, "மறந்துட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"மறக்கல தம்பி. அத சொன்னா பொய்யாப் பூடும். எனக்காக அழுங்கன்னு கேக்கலாம்னு நின்னேன். அதுக்குள்ள நீங்கல்லாம் சொல்லிட்டீங்க."

"சொல்ல முடியலன்னா ஒக்காந்தே இருக்கலாமே ஐயா."

"ஒக்காந்துட்டா நான் அவர கைவிட்ட மாதிரி ஆயிடும்."

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழவில்லை. அதன் பிறகு ஒருமுறைகூட எழவில்லை. பாயைத்தான் கர்த்தர் அனுப்பினார் என்று சொல்லி நாம் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஐயா காத்திருந்தது மகனுக்காக.

கல்லறைத் தோட்டத்தில் போதகர், கடைசிவரை சாட்சியில் நிலைத்தவர் என்றார். நீங்கள் எல்லோரும் மறுபடி அந்த வரியைச் சொன்னீர்கள். மகன் எல்லோரையும்விட உரக்கச் சொன்னான். பாய் மதிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வாக்கு நிறைவேறியதா என்று எனக்குத் தெரியாது. நிறைவேறியது என்று நம்ப முடியவில்லை.

முன்பெஞ்சில் ஐயா கைவைத்த இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது. ஐயாவின் நினைவாக எனக்கு அந்த இடம் போதும். வரும் ஞாயிறு அதைப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்து நிற்பேன். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சபையாரே, தயவுசெய்து யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.