பாலம் வரை வந்த குரல்

சவூதியின் யான்பு ரிஃபைனரியில் காலி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் சோதிப்பவர், ஒட்டடைக்குச்சி உயரத்தில் ஒரு செக் நாட்டுக்காரர். எனக்கு ஹோல் வாட்ச் டூட்டி. உள்ளே விஷவாயு இருக்கலாம் என்பதால், வாசலில் நிற்கும் எனக்கு அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காகத் தன் சிற்றூரைச் சொல்லிக்கொண்டே நடப்பார்: சதுரமான சந்தைத்திடல், தீயில் எரிந்து மறுபடி கட்டிய தேவாலயம், சரிவில் ஆறு.

அன்று ஊர்க்கதை ஆற்றுப் பாலத்தருகே வந்ததும் குரல் நின்றது.

"சார்! சார்!"

மீட்க ஆட்களை அழைக்க விசிலை வாயில் வைத்தேன்.

"பிரிட்ஜ் மாஃபி, பாய், பாலம் இல்ல," என்றது இருட்டு. "வெள்ளத்துல போச்சு. அதான் நின்னுட்டேன்."

"நின்னாலும் பேசிக்கிட்டே நில்லுங்க சார்!" என்று கத்தினேன்.

அக்கரையில் என்ன இருக்கிறதென்று கடைசிவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் அங்கே போய்விடுவாரோ என்று பயம்.