கடைசி பெஞ்சில் டூப்

பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் பறந்து பறந்து ஊரைக் காப்பது என்றிருக்கும் ஒரு பையனைப் பற்றிய படம். நடிக்கும் பையனுக்கு அன்று நிஜமாகவே பரீட்சை. அதனால் காலையிலிருந்து முகமூடியோடு கயிற்றில் தொங்கி விழுந்ததெல்லாம் அவனுடைய டூப்தான். நாற்பதைத் தாண்டியவர், ஆள் குள்ளம் என்பதால் யூனிட்டுக்கே அவர் ‘பொடியன்’.

மகளின் டீச்சர் அப்பாவைப் பார்க்க வேண்டுமென்று பல தடவை சொல்லிவிட்டார். “இன்னைக்காவது வந்துடுங்க” என்று மனைவி கெஞ்சியிருந்தாள். நாலு மணிக்குக் கிளம்ப டைரக்டரிடம் அனுமதியும் வாங்கியாயிற்று.

மிச்சம் ஒரே ஒரு ஷாட். ஊரைக் காத்த களைப்பில் பையன் வகுப்பில் தூங்குகிறான். முதுகு மட்டும் தெரிந்தால் போதும். சீருடையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் தலை கவிழ்த்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது செட்டில் பாதி விளக்குகளைக் கழற்றியிருந்தார்கள். லைட்மேனிடம் மணி கேட்டார்.

“அஞ்சரை ஆச்சுண்ணே. ஒரே டேக்ல ஓகே! டைரக்டர் அசந்துட்டாரு.”

“எழுப்பித் தொலைக்கக் கூடாதாய்யா?”

“அடிபட்ட உடம்பு, தூங்கட்டும்னு அவருதான் சொன்னாரு.”

போனில் மனைவி குரலை உயர்த்தவில்லை. “டீச்சர் கேட்டாங்க. வேலையா இருக்காருன்னு சொல்லிட்டேன். அப்படி என்னங்க வேலை?”

வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.